மறைந்திருந்த தாய்: பழைய தாய்–சேய் ஒளிப்படங்களின் வரலாறு

1860-களிலும் 1870-களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட குழந்தைப் படங்களில் தனியான ஒரு வகை உண்டு. நீண்ட வெள்ளை அங்கி அணிந்த ஆறேழு மாதக் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து நேரே பார்க்கிறது. நாற்காலியின்மேல் பூவேலை செய்த கனத்த துணி போர்த்தப்பட்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் அது நாற்காலி மட்டும் அன்று என்பது புலப்படும். துணிக்குள் ஒரு தலையும் இரு தோள்களும் மடக்கிய முழங்கால்களும் இருக்கின்றன. சில படங்களில் துணியின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு குழந்தையின் இடுப்பைப் பற்றியிருக்கும். பழம்படம் சேகரிப்போர் இவ்வகைக்கு ‘மறைந்த தாய்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் என்ற கலைஞர் இத்தகைய ஏறத்தாழ 1,000 படங்களைத் திரட்டி 2013-இல் வெனிஸ் பியனாலே கண்காட்சியில் வைத்த பிறகு, இவை ஆய்வாளர்களின் கவனத்தைப் பரவலாக ஈர்த்தன.

இப்படங்களைப் பார்த்ததும் சிலருக்கு அச்சமும் சிலருக்குச் சிரிப்பும் எழும். ஆனால் இவை வேடிக்கைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. இரண்டு காரணங்கள் சேர்ந்து இவற்றை உண்டாக்கின. ஒன்று, ஒளிப்படத் தகட்டின் வேதியியல். மற்றொன்று, படத்தில் யாருக்கு இடம், யாருக்குப் பெயர் என்பதைத் தீர்மானித்த சமூக வழக்கம். முதற்காரணம் 1880-ஐ ஒட்டி நீங்கிவிட்டது. இரண்டாவது அவ்வளவு எளிதில் நீங்கவில்லை.

அசைந்தால் இல்லை

பிரான்சில் லூயி டாகேர் கண்டறிந்த முறை 1839 ஜனவரி 7 அன்று அறிவியல் அகாதெமியில் அறிவிக்கப்பட்டது. அதன் செய்முறை அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி ஒளியை உணரும்படி செய்வார்கள். கேமராவில் வைத்து ஒளி படவிட்டபின் பாதரச ஆவியில் காட்டினால் படம் தோன்றும். டாகுரியோடைப் எனப்பட்ட இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. ஒரு முறை எடுத்தால் ஒரே ஒரு படம்தான்.

தொடக்கத்தில் தகட்டில் ஒளி விழ வேண்டிய நேரம் நல்ல வெயிலிலும் பல நிமிடங்களாக இருந்தது. இதன் விளைவை டாகேர் 1838-இல் எடுத்த பாரிஸ் தெருப்படம் தெளிவாகக் காட்டும். வண்டிகளும் மக்களும் நிறைந்த தெரு அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒரு மனிதரின் உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்திருக்கிறது. அசைந்தவை எல்லாம் தகட்டைப் பொறுத்தவரை இல்லாதவை. கைக்குழந்தை அந்தத் தெருவண்டிகளைப் போன்றதுதான். அதை இமைப்பொழுதும் அசையாமல் வைக்க முடியாது.

1840-இல் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த லென்ஸ், பழைய லென்ஸைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. அயோடினுடன் புரோமினும் சேர்த்தபோது தகட்டின் உணர்திறன் கூடியது. இரண்டும் சேர்ந்து ஒளிபடு நேரத்தை ஒரு நிமிடத்துக்கும் கீழே கொண்டுவந்தன. 1841 மார்ச்சில் ரிச்சர்ட் பியர்டு லண்டனில் கட்டணத்துக்குப் படம் எடுக்கும் நிலையத்தைத் திறந்தார். பெரியவர்களுக்கு நாற்காலியின் பின்னே இரும்புக் கம்பமும் தலைதாங்கியும் வைத்தார்கள். அதில் தலையைச் சாய்த்து மூச்சடக்கி அரை நிமிடம் இருந்துவிடலாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு அந்த இரும்பு உதவாது. அதற்குப் பொருந்திய ஒரே தலைதாங்கி தாயின் கை.

இந்தக் காலத்துத் தாய்–சேய் டாகுரியோடைப் படங்களில் தாயின் கன்னம் குழந்தையின் தலைமேல் சாய்ந்திருக்கும். ஒரு கை மார்பைச் சுற்றி அணைத்திருக்கும், மற்றொரு கை குழந்தையின் விரல்களைப் பிடித்திருக்கும். இது பாசத்தின் நிலை என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் குழந்தையின் தலை, உடல், கை மூன்றையும் அசையாமல் கட்டும் நிலையும் இதுவே. இவ்வளவு செய்தும் பல படங்களில் தாயின் முகம் ஊசிமுனைத் தெளிவோடு இருக்க, குழந்தையின் முகம் புகைபோல் கலைந்திருக்கும். முகம் தெளிவாக விழுந்த குழந்தைகளில் பல, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள்.

பிரிட்டனின் விக்டோரியா அரசியின் தொடக்ககால ஒளிப்படமும் தாய்–சேய் படமே. 1844–45 அளவில் ஹென்றி காலன் எடுத்ததாகக் கருதப்படும் அப்படத்தில் அரசி மூத்த மகளை அருகில் அணைத்தபடி இருக்கிறார். 1852 ஜனவரி 17 அன்று வில்லியம் எட்வர்டு கில்பர்ன் அவரை ஐந்து பிள்ளைகளோடு படம் எடுத்தார். பிள்ளைகள் படத்தில் நன்றாக விழுந்தார்கள். அரசி கண்ணை மூடிவிட்டிருந்தார். தம் உருவம் பிடிக்காத அரசி, தகட்டில் தம் முகத்தை மட்டும் சுரண்டி அழித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மீண்டும் எடுத்தபோது அகன்ற விளிம்புள்ள தொப்பியை அணிந்து பக்கவாட்டில் உட்கார்ந்தார். முகம் தொப்பிக்குள் மறைந்தது. சுரண்டிய தகடு அரச சேகரிப்பில் இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் ஐவரும் தெளிவாக இருக்க, நடுவே முகமில்லாத தாய்.

துணியும் சட்டமும்

1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை எதுவும் அவர் பெறவில்லை. உலகமெங்கும் ஒளிப்பட நிலையங்கள் பெருக அவருடைய கண்டுபிடிப்பு வழிசெய்தது. அவர் 1857-இல் வறுமையில் இறந்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பசையைப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உருத்துலக்கியும் முடித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடமே கிடைக்கும். வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரையின் கீழும் ஒளிபடு நேரம் சில விநாடிகள் முதல் பல விநாடிகள் வரை இருந்தது.

பெரியவருக்கு இது பெரிய இடர் அன்று. குழந்தைக்கு இடர் இரட்டிப்பு. குழந்தை சிரிக்கும் நேரத்துக்காகத் தகடு காத்திருக்காது. தகடு ஈரமாக இருக்கும் நேரத்தில் குழந்தை அமைதியாக இருந்தாக வேண்டும். பசி, தூக்கம், புது இடத்தின் மிரட்சி இவற்றுக்கு நடுவே அந்தச் சில விநாடிகளைப் பிடிக்க, தாய் பிடித்துக்கொள்வதைவிட வேறு வழி இல்லை.

தாய் ஏன் பிடித்தாள் என்பதை வேதியியல் விளக்குகிறது. ஆனால் அவளை ஏன் துணியால் மூடினார்கள் என்பதை அது விளக்காது. அதற்கு விடை, அந்தப் படம் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. 1854-இல் பாரிஸின் டிஸ்டேரி, ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுத்து அச்சிட்டு, முகவரிச்சீட்டு அளவு அட்டைகளில் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ‘கார்த் த விசித்’ என்ற அந்த அட்டை சுமார் 64 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. 1860-களில் இவ்வட்டைகளைச் செருகி வைக்கும் ஆல்பங்கள் நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறை தோறும் வந்தன. ஆல்பத்தின் ஒவ்வொரு தாளிலும் சன்னல்போல் வெட்டிய சட்டம் இருக்கும். தாத்தாவுக்கு ஒரு சன்னல், பாட்டிக்கு ஒன்று, புதிதாகப் பிறந்த பேரனுக்கும் தனியாக ஒன்று. குழந்தை அங்கே குடும்பத்தின் தனி உறுப்பினராகக் காட்சியளிக்க வேண்டும். தாயின் மடியில் ஒரு பகுதியாக அன்று. தாய்க்குத்தான் வேறு தாளில் வேறு சன்னல் இருக்கிறதே.

நீள்வட்டமாக வெட்டிய அந்தச் சட்டம் குழந்தையின் முகத்தையும் மார்பையும் மட்டுமே வெளியே காட்டியது. துணி போர்த்திய உருவம் சட்டத்தின் அடியில் போய்விடும். இன்று ஆல்பத்திலிருந்து உருவியெடுத்த அட்டையையோ, சட்டம் கழன்ற மெல்லிய இரும்புத் தகட்டுப் படமான டின்டைப்பையோ பார்க்கிறோம். அன்றைய குடும்பத்தார் பார்க்காத ஓரங்களை எல்லாம் பார்க்கிறோம். இவ்வகைப் படங்களின் விநோதத்தில் பெரும்பகுதி சட்டம் போனதால் வந்தது என்றே கொள்ள வேண்டும். எனினும் எல்லாவற்றுக்கும் இந்த விளக்கம் போதாது. சில நிலையங்கள் துணி போர்த்தாமல் எடுத்துவிட்டு, பிறகு தாயின் முகத்தைத் தகட்டில் சுரண்டின. கறுப்பு மை பூசி மறைத்ததும் உண்டு. அவை சட்டத்தின் வேலையை மட்டும் நம்பியவர்கள் செய்த காரியம் அல்ல.

துணிக்குள் இருந்தவர் எப்போதும் தாயே என்றும் சொல்வதற்கில்லை. தாதியர், நிலையத்தின் உதவியாளர், சில வேளை தந்தையரும் அந்த வேலையைச் செய்தார்கள். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களின் குழந்தைப் படங்களில் அந்த இடம் ஆயாவுக்கு உரியது. போர்த்துகீசியத்திலிருந்து வந்து தமிழில் நிலைத்துவிட்ட அந்தச் சொல்லே பல படங்களில் அவளுடைய பெயராகவும் நின்றது. அட்டையின் பின்பக்கம் குழந்தையின் முழுப்பெயரும் வயதும் எழுதப்பட்டிருக்கும். குழந்தையைத் தாங்கியவள் வெறும் ‘ஆயா’. அவளுக்குத் துணி போர்த்தவில்லை என்றாலும் அவள் மறைந்தே இருந்தாள்.

இறந்த குழந்தைகளின் படங்களோடு இவை அடிக்கடி குழப்பப்படுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன் இறந்தன. உயிரோடு இருந்தபோது படம் எடுக்காத பெற்றோர், இறந்தபின் ஒளிப்படக்காரரை அழைத்தார்கள்; குழந்தையின் ஒரே நினைவாக அப்படம் நின்றது. இன்று பழம்படச் சந்தையில் துணி போர்த்திய படங்களை இறந்த குழந்தைப் படங்கள் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இது தவறு. உயிருள்ள குழந்தை அசையும் என்பதால்தான் துணிக்குள் ஒருவர் தேவைப்பட்டார். இறந்த குழந்தையைப் பிடிக்க வேண்டியதில்லை. அத்தகைய பல படங்களில் தாய் மறைக்கப்படாமல், குழந்தையை மடியில் கிடத்தி, முகம் தெரிய உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தகடுகளில் குழந்தையின் முகம் மிகத் தெளிவாக விழுந்திருக்கும். அக்காலத் தாய் ஒருத்தி தன் குழந்தையோடு கலைவின்றிப் பதிவாக அவ்வளவு பெரிய விலை கொடுக்க நேர்ந்தது.

மாதாவாக நடித்த பணிப்பெண்

துணிக்குள் மறைந்திருந்த தாயை நடுவிடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு 1863 கிறிஸ்துமஸின்போது மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. மூத்த பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருந்தார். வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் ஊரிலிருந்த தம் வீட்டின் நிலக்கரிக் கிடங்கை இருட்டறையாகவும், கோழிக்கூண்டைப் படமெடுக்கும் கூடமாகவும் மாற்றினார்.

தொழில்முறை நிலையங்கள் ஒளிபடு நேரத்தைக் குறைக்க முனைந்த காலத்தில், கேமரன் பெரிய தகடுகளையும் மங்கிய பக்கவெளிச்சத்தையும் விரும்பினார். அவருடைய ஒளிபடு நேரம் சில நிமிடங்கள் வரை நீண்டது. அசைவினால் வந்த மென்மையை அவர் பிழையாகக் கருதவில்லை. நிலையத்தார் இரும்பாலும் துணியாலும் ஒழிக்கப் பார்த்த மங்கலை அவர் படத்தின் உயிராகவே கொண்டார். அன்றைய ஒளிப்பட இதழ்கள் கைத்திறம் போதாது என்று அவரைக் கண்டித்தன. ஆனால் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி கோல் 1865-இலேயே அவர் படங்களை வாங்கினார். இன்று விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று பெயர் பெற்றிருக்கும் அந்நிறுவனத்தில் அவை காக்கப்படுகின்றன.

கேமரன் பலமுறை எடுத்த காட்சி மாதாவும் குழந்தையும். மாதாவாக உட்கார்ந்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர். 1847-இல் பிறந்த அவருக்கு அப்போது இருபது வயதும் ஆகவில்லை, மணமும் ஆகவில்லை. ஊரார் அவரை ‘மேரி மடோனா’ என்றே அழைக்கும் அளவுக்கு அப்படங்கள் பரவின. அவர் மடியில் இருந்தவை அண்டை வீட்டாரின் குழந்தைகள். பீரங்கிப் படையில் பணியாற்றிய ஒருவரின் பிள்ளைகள் அடிக்கடி வந்தார்கள். 1865-இல் எடுத்த ‘பக்தி’ என்ற படத்தில் இருப்பது கேமரனின் பேரன், வயது இரண்டேகால். குழந்தை ஆழ்ந்து தூங்குகிறது. மேரி ஹில்லியர் அதன்மேல் குனிந்திருக்கிறார். தூங்கும் குழந்தையைத் தேர்ந்ததில் கலை நோக்கும் இருக்கிறது, தகட்டின் தேவையும் இருக்கிறது. நீண்ட நிமிடங்கள் அசையாதிருக்கும் உயிருள்ள குழந்தை தூங்கும் குழந்தைதான் என்பதைக் கேமரனைப் போன்ற தாய் அறியாதவர் அல்லர்.

இப்படங்களில் தாயின் முகம் முழுமையாக வெளிவந்துவிட்டது. ஆனால் அது உண்மையான தாயின் முகம் அன்று; வீட்டுவேலை செய்த ஒரு பெண்ணின் முகம். குழந்தையைப் பெற்றவள் படத்துக்கு வெளியே நின்றாள். படத்தில் இருந்தவளோ தன் பெயரை இழந்து மாதாவானாள். மறைப்பதற்குத் துணி தேவைப்படாத ஒரு முறை இது.

1875-இல் கேமரன் தம்பதி இலங்கைக்குக் குடியேறினார்கள். கணவர் சார்லஸ் ஹே கேமரனுக்கு மலையகத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. மகன் ஒருவர் களுத்துறையில் அரசுப் பணியில் இருந்தார். அங்கு ஜூலியா எடுத்தவற்றில் 30-க்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் பல, சிங்கள மக்களையும் தோட்டத்தில் உழைத்த தமிழரையும் காட்டுபவை. 1878-இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’. மேரி ஹில்லியரின் பெயரையும் வாழ்வையும் ஃபிரெஷ்வாட்டரின் நினைவு காப்பாற்றித் தந்தது. களுத்துறைப் படத்தில் இருப்பவர்களுக்குத் தலைப்பு தந்தது ஊர்ப்பெயரையும் தொழிலையும் மட்டுமே. 1879 ஜனவரி 26 அன்று இறந்த கேமரனின் கல்லறை, மலையகத்தின் போகவந்தலாவையில் தூய மரியாள் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. சுற்றிலும் இன்று தேயிலைத் தோட்டங்கள்.

உலர்தகடு வந்தபின்

1871-இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டை முன்மொழிந்தார். 1878-இல் சார்லஸ் பென்னட் அதன் வேகத்தைப் பெருக்கினார். 1880-ஐ ஒட்டி விநாடியின் சிறு பகுதியிலேயே படம் பதியும் தகடுகள் கடைகளில் கிடைத்தன. துணிக்குள் ஒளிந்திருந்த பெண்ணுக்கு இனி வேலை இல்லை. வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. சிற்றூர் நிலையங்களிலும் மலிவான டின்டைப் கடைகளிலும் மேலும் சில பத்தாண்டுகள் தொடர்ந்தது. தேவை போன பிறகும் தொடர்ந்ததே, அது வேதியியலால் மட்டும் வந்த வழக்கம் அன்று என்பதற்குச் சான்று.

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடக் கேமரா 25 டாலருக்கு வந்தது. 100 படம் எடுக்கும் சுருள் உள்ளேயே இருந்தது. 1900-இல் பிரௌனி கேமரா ஒரு டாலருக்குக் கிடைத்தது. குழந்தை நிலையத்துக்குப் போவதற்குப் பதிலாகக் கேமரா குழந்தை இருக்கும் வீட்டுக்கு வந்தது. அதைக் கையில் எடுத்தவர்களில் தாய்மார் பலர். ஈஸ்ட்மனின் நிறுவனமும் பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தது. தாய் மீண்டும் படத்தைவிட்டு வெளியேறினாள். இம்முறை லென்ஸின் பின்னே நின்றாள்.

மூன்று பிள்ளைகளை வளர்த்தபின் கலைக்கல்வி கற்று நியூயார்க்கில் நிலையம் திறந்த கெர்ட்ரூட் கேசபியர், லென்ஸின் பின்னே நின்ற தாயின் பார்வையைக் கலையாக்கினார். 1899-இல் அவர் எடுத்த ‘பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள்’ என்ற படத்தில் தாய் வாசற்படியில் நின்று, வெளியே செல்லவிருக்கும் மகளின் தோளைத் தொட்டுக் குனிகிறாள். இங்கே தாயின் கை பிடிப்பதற்காக இல்லை, அனுப்புவதற்காக இருக்கிறது. ‘கேமரா வொர்க்’ இதழ் 1903 ஜனவரியில் தன் முதல் இதழைக் கேசபியருக்கே அளித்தது.

கூடாரத்தின் கட்டைவிரல்

தாய்–சேய் படங்களில் உலகம் மிகுதியாக அறிந்தது 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுக்கப்பட்டது. பெருமந்தக் காலம் அது. உறைபனியில் பட்டாணிப் பயிர் அழிந்ததால் வேலையின்றித் தவித்த கூலித் தொழிலாளர் முகாமில், அமெரிக்க அரசின் மீள்குடியேற்றத் துறைக்காகப் பணியாற்றிய டோரதியா லாங்கே, கந்தல் கூடாரத்தில் ஒரு தாயைக் கண்டார். மடியில் கைக்குழந்தை, இரு தோள்களிலும் முகம் புதைத்த இரு பிள்ளைகள். தாயின் முகம் மட்டும் நமக்குத் தெரிகிறது. மறைந்த தாய் படங்களின் அமைப்பு இங்கே தலைகீழாகிவிட்டது: பிள்ளைகள் முகம் மறைத்துக்கொள்ள, தாய் வெளியே பார்க்கிறாள்.

படங்கள் நாளிதழில் வந்த சில நாள்களில் அரசு 20,000 பவுண்டு எடையுள்ள உணவை அந்த முகாமுக்கு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டிருந்தது. லாங்கேயின் குறிப்பில் தாயின் வயது 32, பிள்ளைகள் ஏழு என்ற விவரம் உண்டு, பெயர் இல்லை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற தலைப்பே பெயராக நிலைத்தது. படத்தின் வலக்கீழ் மூலையில் கூடாரக் கம்பத்தைப் பற்றிய தாயின் கட்டைவிரல் தெரிந்தது. அது அமைப்பைக் கெடுப்பதாகக் கருதிய லாங்கே, 1939 அளவில் நெகட்டிவில் அதை மங்கும்படி திருத்தச் செய்தார். 70 ஆண்டுகளுக்கு முன் துணிக்கு வெளியே நீண்டு நின்ற கை ஒன்றே தாயின் அடையாளமாக இருந்தது; இங்கே முகம் எஞ்சியது, கையில் ஒரு பகுதி அழிந்தது. அழகுக்காகச் செய்தது என்றாலும், சான்றாக எடுத்த படத்தில் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை.

1978-இல்தான் ஒரு செய்தியாளர் வழியாக அந்தத் தாயின் பெயர் வெளிவந்தது. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி பழங்குடி வழியில் வந்தவர். அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார். அரசுப் பணிக்காக எடுக்கப்பட்டதால் யார் வேண்டுமானாலும் அதை அச்சிடலாம். லாங்கேக்கும் அதன் உரிமை இல்லை. 1983-இல் தாம்சன் நோயுற்றபோது குடும்பம் உதவி கேட்டது. படத்தை அறிந்திருந்த மக்கள் ஏறத்தாழ 35,000 டாலர் அனுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தம் 80-ஆம் வயதில் அவர் இறந்தார். கலிபோர்னியாவின் ஹியூசனில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் படத்தின் தலைப்பும் அவருடைய சொந்தப் பெயரும் ஒருங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன.